ஹாலிஎலையில் எடுத்த ஒரு படம்

மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைவுற்றதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை இறுதியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணம் நடந்தது. அந்நாட்களில் பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள் பல கைக்குக் கை மாறின. கூடை சுமந்த பெண்கள், லயத்து வாசலில் குந்தியிருக்கும் கிழவர்கள், பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் ஆட்கள். எல்லாவற்றின் கீழும் ஏறத்தாழ ஒரே வாசகம்: 'எங்கள் முன்னோர்'. யாருடைய முன்னோர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்ற விபரம் எதிலும் இல்லை.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகையில் உழைத்தவன் நான். படங்களுக்குக் கீழே இரண்டு வரி எழுதுவது என் அன்றாடத் தொழிலாக இருந்தது. ஒரு படத்தைப் பிழையாக வாசிப்பது எத்தனை எளிது என்பதையும் அத்தொழிலே எனக்குக் கற்பித்தது. அந்தப் பிழைகளுள் ஒன்றை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். அது என் வீட்டுச் சுவரில் தொங்கிய படத்தைப் பற்றியது.

நான் பிறந்தது ஹாலிஎலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில். பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924இல். தெமோதரை வளையத்தைச் சுற்றி இறங்கி வரும் வண்டி பதுளையை எட்டுவதற்கு முன் கடைசியாக நிற்கும் இடங்களுள் ஒன்று ஹாலிஎல. என் தந்தையார் அத்தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். லயங்களுக்குச் சற்று மேலே தனியாக ஒரு சிறு வீடு எங்களுக்கு உண்டு. அவ்வீட்டின் முன்னறையில் முருகன் படத்திற்கும் நாட்காட்டிக்கும் நடுவே தொங்கியது அந்தப் புகைப்படம். ஓரங்கள் அலையலையாக வெட்டப்பட்ட, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய படம். தோட்டத்தை விட்டுச் சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விடைபெறும்போது தந்தையாருக்குக் கொடுத்துச் சென்றது. பின்புறத்தில் பென்சிலால் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள்: 'மகிழ்வான நாட்கள், ஹாலிஎல' என்பது அவற்றின் பொருள்.

படத்தில் இருப்பதைச் சொல்கிறேன். கொழுந்து மடுவத்தின் முன்புறம். உத்தரத்திலிருந்து தராசு தொங்குகிறது. அதன் கொக்கியில் ஒரு கூடை. தராசின் அருகே கோட்டு அணிந்து, கையில் பேரேட்டுடன் என் தந்தையார். அவருக்கு இடப்புறம் ஆறு பெண்கள். நடுவில் நிற்பவள் இளம் தாய், தலைக்கயிற்றில் ஒரு கை, பற்கள் தெரிகின்றன. கடைசியில் நிற்கும் முதியவளின் காதில் தண்டட்டி தோள்வரை தொங்குகிறது. வலப்புற ஓரத்தில், சட்டகத்தால் பாதி வெட்டுண்டு, எட்டு ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. இடுப்பில் ஏதோ மூட்டை. பின்னால் மலைச்சரிவும் சவுக்கு மரங்களும். முன்புறத் தரையில் ஒரு நிழல் நீண்டு கிடக்கிறது. தொப்பி அணிந்த மனிதரின் நிழல். படம் எடுத்த துரையினுடையது.

எங்கள் வீட்டில் அதற்குப் 'அப்பா படம்' என்று பெயர். நாங்கள் ஐந்து பிள்ளைகளும் அதில் கண்டது ஒருவரை மட்டுமே.

நிற்க. தோட்டத் தொழிலாளரைப் படம் பிடித்த கதை நீண்டது. அதன் தொடக்கத்திலேயே ஒரு விசித்திரம் உண்டு. பிரித்தானியப் புகைப்படக் கலையின் முன்னோடிகளுள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் தம் கணவருடன் இலங்கைக்கு வந்து குடியேறினார். 1879இல் இங்கேயே இறந்தார்; பொகவந்தலாவைத் தேவாலயத்து மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரனை இலங்கை மாணவர் எவரும் அறிவர். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன் அவரே. அந்த ஆணைக்குழுவின் பரிந்துரைகளை ஒட்டித்தான் 1830களின் தொடக்கத்தில் இராஜகாரிய முறை நீக்கப்பட்டது. இலங்கையின் பொருளாதாரம் தனியார் முதலுக்குத் திறந்து விடப்பட்டது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் அழைத்து வரப்பட்டனர். கமரனும் கோப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார். கணவரின் அறிக்கை திறந்துவிட்ட வழியில் வந்து சேர்ந்த மக்களை நாற்பதாண்டு கழித்து மனைவியின் கமரா படம் பிடித்தது.

அவர் இலங்கையில் எடுத்தவற்றுள் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. இங்கிலாந்தில் அவர் எடுத்த முகங்களுக்குப் பெயர்கள் இருந்தன: டெனிசன், டார்வின், ஹேர்ஷல். இலங்கையில் எடுத்த முகங்களோ பெரும்பாலும் 'களுத்துறைக் குடியானவர்', 'இலங்கைப் பெண்' என்ற அளவில் நின்றன. 1877இல் களுத்துறையில் அவரது விருந்தினராக இருந்த ஓவியர் மரியான் நோர்த் தம் நினைவுக்குறிப்பில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். ஒரு மனிதனின் முதுகு அழகாக இருக்கிறது என்பதற்காகவே, தோட்டமே இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி மகனை வற்புறுத்தினாராம் கமரன் சீமாட்டி. முதுகு நினைவில் நின்றது. பெயர் நிற்கவில்லை.

அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் படம் பதியப் பல நொடிகள் ஆகும். அசைந்தால் முகம் கலைந்துவிடும். ஆகவே அந்தப் படங்களில் எவரும் சிரிப்பதில்லை. 'எவ்வளவு சோகமான முகங்கள்' என்று இன்று நாம் உருகுகிறோம். அதில் எவ்வளவு சோகம், எவ்வளவு மூச்சடக்கி நின்ற களைப்பு என்று பிரித்தறிய வழியில்லை.

தேயிலை வந்தபின் நிலைமை தலைகீழானது. 1890இல் தோமஸ் லிப்டன் இலங்கைக்கு வந்து, எங்கள் ஊவாவில் அப்புத்தளைப் பக்கத்துத் தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கினார். அதே 1890இல் கொழும்பில் பிளாட்டே நிறுவனம் தொடங்கிற்று. தேயிலைப் பெட்டியிலும் விளம்பரத்திலும் அஞ்சலட்டையிலும் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண் உலகைச் சுற்றி வந்தாள். இப்போது அவள் சிரித்தாக வேண்டும். வாடிக்கையாளர் அருந்தும் கோப்பையில் கசப்பு இருக்கலாகாது அல்லவா?

1934இல் பஸில் ரைட் எடுத்த 'சோங் ஒஃப் சிலோன்' என்ற ஆவணப்படத்திற்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. கலை நயத்தால் இன்றும் போற்றப்படும் படம். அதற்குக் குரல் கொடுத்தவர் நம் நாட்டின் பெரும் புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட். அவர் வாசித்த சொற்களோ 1681இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்தவை. தேயிலை கொடுத்த காசில் எடுத்த படத்துக்கு உரை தேவைப்பட்டபோது, தேயிலையே இல்லாத காலத்தில் வாழ்ந்த ஆங்கிலக் கைதியின் வாக்கியங்கள் கிடைத்தன. கொழுந்து பறித்தவளிடம் எவரும் கேட்கவில்லை.

இதையெல்லாம் பிறர் குற்றமாக எழுதிவிட்டு நான் தப்பிவிட முடியாது. நானும் கேட்கவில்லை.

1979ஆம் ஆண்டு. நான் கொழும்பில் ஒரு பத்திரிகையில் பணியாற்றினேன். மேதினச் சிறப்பிதழுக்குத் தோட்டத் தொழிலாளர் படம் ஒன்று வேண்டும் என்றார் ஆசிரியர். ஊரிலிருந்து அப்பா படத்தை வாங்கி வந்தேன். முழுப்படத்தையும் போட இடம் இல்லை. நடுவில் நின்ற இளம் தாயின் முகத்தையும் தோளையும் மட்டும் வெட்டி எடுத்து, 'உழைப்பிலும் மலரும் புன்னகை' என்று கீழே எழுதினேன். பலர் பாராட்டினார்கள். தராசு போயிற்று; மற்றப் பெண்கள் போயினர்; துரையின் நிழலும் தந்தையாரும் போயினர். இடப் பற்றாக்குறையே காரணம் என்று அன்று நம்பினேன். இன்று அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். மேதினப் பத்திரிகையில், தராசருகே கோட்டுடன் நிற்கும் தந்தையை நான் விரும்பியிருக்க மாட்டேன்.

அச்சுப்பணி முடிந்தும் படத்தைத் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை. அந்தச் சோம்பல்தான் அதைக் காத்தது. 1983 ஜூலையில் பதுளை நகரம் எரிந்தபோது, பதுளையில் குடியிருந்த எங்கள் பெற்றோரின் வீட்டுடன் குடும்பப் படங்கள் அனைத்தும் போயின. என் மேசை இழுப்பறையில் கிடந்த ஒன்று மட்டும் மிஞ்சிற்று.

2011இல் தாயகம் திரும்பியோரைப் பற்றிய கட்டுரைத் தொடருக்காக நீலகிரி மாவட்டம் கூடலூருக்குப் போயிருந்தேன். 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். அப்படிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழக அரசு 1968இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. தேயிலையை விட்டுப் போனவர்கள் தேயிலைக்கே போய்ச் சேர்ந்தார்கள்.

அங்கே ஒரு குடியிருப்பில், ஹாலிஎலப் பக்கத்திலிருந்து 1972இல் கப்பலேறிய அம்மையார் ஒருவர் இருப்பதாகச் சொன்னார்கள். எழுபதை நெருங்கியவர். தோட்டத்தின் பெயரைக் கேட்டதும் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. எங்கள் தோட்டம். பையில் இருந்த படப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு வலப்புற ஓரத்தில், பாதி வெட்டுண்ட சிறுமி மீது விரலை வைத்தார்.

"இது நான் தான் தம்பி."

நடுவில் நிற்பவள் அவருடைய தாய்.

"எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார் அக்கா" என்றேன். இன்னமும் அப்படித்தான் சொன்னேன்.

"சிரிப்பா இது? கூடைய எறக்குறப்ப பல்லைக் கடிப்போம்ல. கயித்த தலையிலருந்து எடுக்குறப்ப கழுத்து ஒடியும். எங்கம்மா ஃபோட்டோவப் பார்த்துச் சிரிக்கல. ஃபோட்டோ எடுக்குறத அது பார்த்துச்சோ என்னவோ."

உண்மைதான். மீண்டும் பார்த்தேன். அவள் கண்கள் கமராவை நோக்கவில்லை. தராசின் முள்ளை நோக்குகின்றன. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கண்களை வெட்டி எடுத்து, அவை எதை நோக்கின என்பதை வெளியே எறிந்துவிட்டு, மிச்சத்திற்குப் புன்னகை என்று பெயரிட்டவன் நான்.

மாலை நிறுவை என்று எண்ணியிருந்தேன். "காலை நிறுவ" என்றார் அவர். "படங்கப் பாருங்க, இடுப்பு வரைக்கும் கறுத்துக் கெடக்கு. பனித்தண்ணி. அந்தியில இப்படி நனைஞ்சிருக்காது." இடுப்பில் கட்டிய சாக்குப் படங்கின் அந்தக் கருமையை நிழல் என்றே நான் கொண்டிருந்தேன். சிறுமியின் இடுப்பில் இருந்தது மூட்டை அன்று, தம்பி. பிள்ளைக்காம்பராவில் அழுகையை நிறுத்தாததால், நிறுவை நேரத்தில் தாயிடம் பால் குடிக்க வைக்கத் தூக்கி வந்திருக்கிறார்.

எந்த ஆண்டு என்று கேட்டேன். தொப்பியையும் படத்தின் தன்மையையும் வைத்து நான் 1930கள் என்று கணித்திருந்தேன். தந்தையாரின் இளமையும் அதற்குப் பொருந்துவதாக நினைத்துக்கொண்டேன். "எங்கப்பா பிரசாவுரிமைக்கு எழுதிப் போட பதுளைக்கு அலைஞ்ச வருசம்" என்றார். அந்த ஒரு வாக்கியம் என் கணிப்புகள் அனைத்தையும் விடத் துல்லியமானது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1949இன் இந்திய பாகிஸ்தானியர் சட்டம் விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தது. அது 1951 ஓகஸ்டில் முடிந்தது. ஆக, படம் 1949க்கும் 1951க்கும் இடைப்பட்டது.

இது வெறும் தேதிக் கணக்கு அன்று. 1947 தேர்தலில் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸின் எஸ்.எம். சுப்பையா பாராளுமன்றம் சென்றார். மலையகம் முழுவதும் ஏழு பேர் சென்றனர். 1952 தேர்தலில் ஒருவரும் இல்லை, வாக்குரிமையே இல்லை. படத்தில் தராசைச் சுற்றி நிற்கும் அந்தப் பெண்கள் அந்த இரண்டு தேர்தல்களுக்கும் நடுவே நிற்கிறார்கள். 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன் திருமணமானவர் ஏழு ஆண்டும் மற்றவர் பத்து ஆண்டும் தொடர்ந்து இந்த நாட்டில் வாழ்ந்ததாக நிறுவ வேண்டும் என்றது சட்டம். ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் போயின. அவற்றில் அடங்கியோர் எட்டு லட்சத்திற்கும் மேல். பிரசாவுரிமை கிடைத்தவரோ 1,34,000 பேர் அளவில்தான். வாழ்நாள் முழுவதும் ஒரே மலையில் கொழுந்து பறித்தவளுக்கு, தான் அங்கே இருந்ததற்குச் சான்று காட்ட இயலவில்லை. சான்று என் வீட்டு முன்னறையில், முருகன் படத்திற்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் எழுதியிருந்தது அவள் பெயரன்று, 'மகிழ்வான நாட்கள்'.

பிறகு தந்தையார் மீது அவர் விரல் வந்து நின்றது.

"கணக்கப்புள்ள. மனுசன் நல்லவருதான். ஏச மாட்டாரு, பேச மாட்டாரு. ஆனா கூடைக்கு ரெண்டு ராத்தல், பனித்தண்ணிக்கு ரெண்டு ராத்தல்னு கழிப்பாரு. தோட்டத்துச் சட்டம்பாரு. அன்னைக்கு எங்கம்மாவுக்கு அரைப்பேரு."

தோட்டத்துப் பேச்சு அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் பெயர் பதிவதைப் 'பேர் விழுதல்' என்பார்கள். குறித்த இராத்தல் வராவிட்டால் அரைநாட் சம்பளம், அது அரைப்பேர். மலையில் பேர் என்றாலே கூலிதான். பெண்ணின் முழுப்பேரும் ஆணின் முழுப்பேருக்குச் சமமாக இருக்கவில்லை. அந்தச் சமம் 1984இல்தான் வந்தது. தந்தையார் கையிலிருந்த பேரேட்டில் அந்த ஆறு பெண்களின் பெயர்களும் இருந்தன. துரைக்குத் தேவைப்படாத அந்தப் பெயர்கள், எனக்கும் தேவைப்படாத அந்தப் பெயர்கள், நாள்தோறும் அவர் கையால் எழுதப்பட்டன, முழுதாகவும் பாதியாகவும்.

அவர் என் தந்தை என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. புறப்படும்போதுதான் சொன்னேன். அம்மையார் என் முகத்தைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அதான் மூக்கு அப்படியே இருக்கேன்னு பார்த்தேன்" என்றார். "உக்காருங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க." அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தந்தையாருக்காக வாதாட வேண்டும் என்று எனக்குத் தோன்றியதுண்டு. கழிவுக் கணக்கை வகுத்தவர் அவர் அல்லர். தொழிற்சாலை நிறைக்கும் மலை நிறைக்கும் வித்தியாசம் வந்தால் துரையிடம் ஏச்சு வாங்கியவரும் அவரே. எங்கள் குடும்பத்துப் பிரசாவுரிமை விண்ணப்பமும் ஆண்டுக்கணக்கில் கிடப்பில்தான் கிடந்தது. இவையெல்லாம் உண்மை. அந்தக் காலையில் அரைப்பேர் விழுந்ததும் உண்மை. அந்தச் சம்பளத்தில் நாங்கள் ஐந்து பேரும் படித்தோம். ஒருவன் பத்திரிகையாளனாகி, அந்தப் பெண்ணுக்குப் புன்னகை என்று தலைப்பும் எழுதினான்.

மெக்சிக்கோவிலிருந்து ஒரு படம் நினைவுக்கு வருகிறது. 1912இல் ஜெரோனிமோ எர்னாண்டஸ் எடுத்தது. புகையிரதப் படிக்கட்டில் கம்பியைப் பற்றியபடி வெளியே எட்டிப் பார்க்கும் ஒரு பெண். மெக்சிக்கப் புரட்சியின் வீராங்கனை 'அடெலிற்றா' என்று பல்லாண்டு காலம் போற்றப்பட்டவள். புகழ்பெற்றது படத்தின் ஒரு துண்டே. முழுக் கண்ணாடித் தகட்டில் அவளுடன் வேறு பல பெண்கள் நிற்கிறார்கள்; படையினருக்குச் சமைத்தவர்களாகவும் சில்லறை விற்றவர்களாகவும் இருக்கலாம் என்பர் ஆய்வாளர். வெட்டியதால் ஒரு வீராங்கனை கிடைத்தாள். ஒரு கூட்டம் மறைந்தது. அமெரிக்காவில் டொரத்தியா லாங் 1936இல் எடுத்த 'குடிபெயர்ந்த தாய்' படத்துப் பெண் புளோரன்ஸ் தொம்சன் என்பது 1978இல்தான் உலகுக்குத் தெரிந்தது. உலகறிந்த அந்த முகத்தால் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று அவர் மனம் கசந்து கூறினார்.

இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றது ஒரு சிறு ஒழுங்கு. படத்தில் ஒருவர் முகத்தைப் பார்க்குமுன் அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்க்க வேண்டும். ஓரத்தில் வெட்டுண்டவரை முதலில் தேட வேண்டும். பின்புறத்தில் எழுதியிருப்பது எடுத்தவரின் நினைவு. எடுக்கப்பட்டவரின் நினைவு வேறு. அதை அறிந்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

அம்மையாரிடம் படத்தின் பிரதியைக் கொடுத்தேன். தாயின் உருவம் அவரிடம் வேறு எதிலும் இல்லை. பின்புறத்தில் தாயின் பெயரை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். கட்டுரையில் அந்தப் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். யோசித்துவிட்டு மறுத்தார். "பேப்பர்ல ஒருவாட்டி வந்திருச்சின்னு சொன்னீங்கள்ல தம்பி, அது போதும்." ஆகவே இங்கும் அது இல்லை.

2015இல் அவர் காலமானதாகச் செய்தி வந்தது. அவர் சொன்ன விபரங்களைக் கொண்டு என்னிடமுள்ள மூலப்படத்தின் பின்புறத்தில், துரையின் பென்சில் எழுத்தை அழிக்காமல், அதற்குக் கீழே பெயர்களை எழுதி வைத்திருக்கிறேன். எட்டுப் பேரில் ஆறு பேர். தம்பியைச் சேர்த்தால் ஒன்பதில் ஏழு. இருவர் மீதம். ஒருத்தி இடப்புறமிருந்து இரண்டாவதாக நிற்பவள். கழுத்தில் கறுப்புக் கயிறு, வலது கையில் பித்தளை வளையல். மற்றவள் கடைசியில் நிற்கும் தண்டட்டி அணிந்த முதியவள். மதுரைப் பக்கத்திலிருந்தோ திருநெல்வேலிப் பக்கத்திலிருந்தோ வந்தவளாக இருக்கலாம். அடுத்த தலைமுறைப் பெண்கள் எவர் காதிலும் அந்த அணி இல்லை. அடகுக் கடையில் போயிருக்கும், அல்லது இங்கே பிறந்தவர்களுக்கு அது வாய்த்திருக்காது.

ஹாலிஎல, தெமோதரை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் உங்கள் வீட்டு முதியவர் எவரேனும் தண்டட்டி அணிந்த ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.